சானல் வெள்ளம் ஏறாத நிலத்தில் என்ன செய்தோம்? குமரி மாவட்டத்து அனுபவங்கள்

மருங்கூர் தென்னை எழுதியது:

வணக்கம். எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்போம், பாசனக் கால்வாயைச் சானல் என்போம். குமரி மாவட்டம் என்று சொன்னதும் வெளியூரில் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "உங்களுக்கென்ன, ரெண்டு மழையும் உண்டு, பேச்சிப்பாறை அணை உண்டு." உண்மைதான். ஆனால் குலசேகரத்தில் பெய்கிற மழை ஆரல்வாய்மொழியிலும் அஞ்சுகிராமத்திலும் பெய்வதில்லை. ஆனி மாதம் மேற்கே ரப்பர்த் தோட்டங்களில் கால் வைக்க முடியாதபடி மழை கொட்டும். கிழக்கே எங்களுக்கு வந்து சேர்வது கணவாய்க் காற்றுதான். முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்று, மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும்.

எனக்கு மருங்கூருக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் விளை (மேட்டுத் தோட்டம்). அப்பா நட்ட நெட்டைத் தென்னை 96. சானல் தாழ்வில் போகிறது, வெள்ளம் எங்கள் மேட்டுக்கு ஏறாது. ஒரு வெட்டுக்கிணறுதான் ஆதாரம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த மாசியில் கிணற்றில் மோட்டார் போட்டால் 20 நிமிடத்தில் காற்று இழுக்கும். குரும்பை பொலபொலவென்று உதிர்ந்தது. கீழ் ஓலைகள் தொங்கிப்போய் மரமே மெலிந்து தெரிந்தது.

பதறிப்போய் போர் போட்டேன். கையில் தேங்காய் வைத்து ஊற்றுப் பார்ப்பவர் சொன்ன இடத்தில் 420 அடி. வெறும் புகை. இரண்டாவது இடத்தில் 600 அடி. ஒரு மாதம் வெள்ளம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. இதற்காக வீட்டில் இருந்த நகையை அடகு வைத்தேன். அதை மீட்க மூன்று வருஷம் ஆனது. யாராவது இதைப் படித்துவிட்டு மூன்றாவது போர் போடாமல் நின்றால் அதுவே எனக்குப் போதும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கோடையில் ஒருநாள் சாயங்காலம் திடீரென்று இடிமழை. அரைமணி நேரம் பெய்திருக்கும். பக்கத்து விளையில் இருந்த பெரியப்பா குடையோடு வந்து, "வா மக்கா" என்று என்னைக் கீழ்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் விளையின் செம்மண் அப்படியே கலங்கி, உடைந்து கிடந்த கையாலை (எல்லை மண்சுவர்) வழியாக ஓடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. "ஆறுநூறு அடிக்குக் கீழ தேடுனியே, இந்தா போவுது பாரு ஒனக்க வெள்ளம்" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் தொடங்கினோம். முதலில் கீழ்க் கையாலையை அடைத்து உயர்த்தினோம். சரிவுக்குக் குறுக்கே மூன்று வரப்பு எடுத்தோம். பிறகு கதம்பை, அதாவது தேங்காய் உரிமட்டை, புதைத்தோம். மரத்தைச் சுற்றி ஆறடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் வட்டமாகக் குழி எடுத்து, கதம்பையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கிற மாதிரி அடுக்கி, மண் தூவி, மறுபடி அடுக்கினோம். இங்கே பலர் தவறு செய்கிறார்கள். புதைக்கும்போது குழிவு மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் வெள்ளம் தங்கும். மரத்தடியில் வெறுமனே மூடாக்காகப் பரப்பும்போது குப்புறப் போட வேண்டும், அப்போதுதான் வெயில் படாது. இரண்டும் வேறு வேறு வேலை. கதம்பை தன் எடையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு வெள்ளம் பிடிக்கும். ஒருமுறை புதைத்தால் ஐந்தாறு வருஷம் பலன் உண்டு. வெட்டுகிற தேங்காயின் கதம்பையை எல்லாம் வெளியே விற்றுக்கொண்டிருந்தோம், அதை நிறுத்தினோம்.

அந்த வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல். 11 மரம் சாய்ந்தது. ஆனால் அந்த மழையில் ஒரு குடம் கலங்கல்கூட விளையைவிட்டு வெளியே போகவில்லை. அழுதுகொண்டே பார்த்தது அது.

2019-இல் சொட்டுநீர் போட்டேன். மரத்துக்கு நான்கு சொட்டுவான், ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர். இரண்டு மணி நேரம் ஓடினால் 64 லிட்டர். முதலில் சொட்டுவானை மண்மேலேயே விட்டிருந்தேன், காற்றடிக்கிற மாதங்களில் மேல்மண் மட்டும் நனைந்து காய்ந்தது. பிறகு மரத்தைச் சுற்றி மூன்றடி தள்ளி நான்கு பக்கமும் ஒரு அடிக்கு ஒரு அடி குழி எடுத்தேன். அதில் பிவிசி குழாய்த் துண்டைச் சாய்வாக இறக்கி, சொட்டுவானை அதற்குள் விட்டு, குழியைத் தென்னை நார்க்கழிவால் நிரப்பினேன். இப்போது வெள்ளம் ஒரு அடிக்குக் கீழேதான் இறங்குகிறது. மேலே மண் காய்ந்தே கிடக்கும். பார்க்கிறவர்கள் "வெள்ளம் விடலையா" என்று கேட்பார்கள். கையை விட்டுப் பார்த்தால் தெரியும்.

இன்று அதே கிணற்றில் மாசி மாதம் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடுகிறது. போன வருஷத்தில் குரும்பை உதிர்வு பாதிக்கும் கீழே. சானல் கடைமடையில், மேட்டு விளையில், கடற்கரையில் இருக்கிறவர்கள் உங்கள் நிலத்தில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். தோற்றதையும் எழுதுங்கள்.


தேரூர் வயல் எழுதியது:

அண்ணாச்சி, நல்ல காரியம். எனக்கு விளை கிடையாது, வயல்தான். மூன்று கோட்டை விதைப்பாடு (நிலத்தை அளக்கும் பழைய கணக்கு), எல்லாம் கடைமடை. தினமும் காலையில் பேப்பரில் பேச்சிப்பாறை அணை 48 அடிக்கு எவ்வளவு, பெருஞ்சாணி அணை 77 அடிக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கிற ஆட்கள் நாங்கள். அணையில் வெள்ளம் கிடந்தாலும் எங்கள் மடைக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். மேல்மடைக்காரன் வயல் தளும்பி ஓடைக்கு வழிந்த பிறகுதான் எங்கள் முறை வரும்.

எங்க அப்பா காலத்தில் கன்னிப்பூவுக்கு (முதல் போக நெல்) அணையை யாரும் எதிர்பார்க்கவில்லை. சித்திரையில் கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் புழுதி உழுது பொடிவிதை போட்டுவிடுவார்கள். ஜூன் 1-இல் சானல் திறந்து வெள்ளம் வரும்போது பயிர் முழங்காலுக்கு நிற்கும். பிறகு எல்லோரும் தொளி (வயற்சேறு) கலக்கி நடவுக்கு மாறினோம். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தொளி கலக்க வெள்ளம் வேண்டும். நெல்லுக்குச் செலவாகிற வெள்ளத்தில் பெரிய பங்கு இந்தத் தொளிக்கே போகிறது. சண்டையும் அந்த வாரத்தில்தான் வருகிறது.

நான் நான்கு வருஷமாகக் கன்னிப்பூவைத் திரும்பவும் பொடிவிதைக்கு மாற்றியிருக்கிறேன். அம்பை 16 என்ற நெல் ரகம் போடுகிறேன். களை அதிகம், அதை மறைக்க மாட்டேன். முதல் 30 நாளில் இரண்டு கைக்களை எடுக்காவிட்டால் பயிர் கிடையாது. கோடை மழை ஏமாற்றிய ஒரு வருஷம் விதை மண்ணிலேயே செத்துவிட்டது. இரண்டாவது விதைக்கும் நாமே செலவு செய்ய வேண்டும். ஆனாலும் மூன்று வருஷம் ஜெயித்தேன்.

கும்பப்பூவில் (இரண்டாம் போகம்) காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது, பார்க்கிறேன். ஒரு அடி நீளத்தில் பிவிசி குழாய் ஒன்று வெட்டி, கீழ்ப்பாதியில் துளை போட்டு, அந்தத் துளைப்பாதி மண்ணுக்குள் போகிற மாதிரி வயலில் இறக்கிவைப்பேன். உள்ளே இருக்கிற மண்ணை வழித்து எடுத்துவிட வேண்டும். வெள்ளம் குழாயின் அடிவரை இறங்கினால்தான் மடை திறப்பேன். மேலே விரிசல் விடத் தொடங்கும்போதுகூட அரையடிக்குக் கீழே வெள்ளம் நிற்பது குழாயில் தெரியும். பயிருக்கு அது போதும். வேர் கீழே இறங்கும், சாய்வது குறையும். கதிர் வெளிவந்து பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது, அப்போது விட்டால் பதர்தான்.

ஆனால் இதில் யாரும் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு. எங்கள் பக்கம் வயலிலிருந்து வயலுக்குத்தான் பாய்ச்சல். என் வயலைக் காயவிட்டால் எனக்குக் கீழே இருக்கிறவன் வயலும் காயும். அவன் நட்டது எனக்கு இரண்டு வாரம் பிந்தி. முதல் வருஷம் இதனால் நல்ல வருத்தம் வந்தது, பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அடுத்த வருஷம் ஒன்பது பேர் உட்கார்ந்து பேசி, வரப்போரம் ஆளுக்கு ஒன்றரை அடி விட்டுக்கொடுத்து ஒரு சின்ன வாய்க்கால் எடுத்தோம். இப்போது யார் வயலையும் தாண்டாமல் அவரவர் மடையில் வெள்ளம் எடுக்கலாம். அந்த ஒன்றரை அடியை விட்டுக்கொடுக்க வைக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. குழாய் செய்ய அரைமணி நேரம்.


கரையோரம் எழுதியது:

ராஜாக்கமங்கலம் பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தாத்தா காலத்துக் கிணறு, நல்ல வெள்ளம். இரண்டு வருஷமாகக் கோடையில் உப்புக் கரிக்கிறது. ஆழப்படுத்தினால் நல்ல வெள்ளம் வரும் என்று சொல்கிறார்கள். செய்யலாமா? நான் புதிதாக விவசாயத்துக்கு வந்தவன், தெரியாமல் கேட்கிறேன்.


தோவாளை பிச்சி எழுதியது:

நான் பூ விவசாயி. 35 சென்ட் பிச்சி, கொஞ்சம் கேந்தி. விடிவதற்கு முன்னால் பிச்சி பறித்துத் தோவாளைச் சந்தைக்குக் கொடுத்துவிட்டு வந்துதான் மற்ற வேலை. எங்க மாமியார் இந்தத் தோட்டத்துக்குக் குடத்தில் வெள்ளம் சுமந்து ஊற்றியவர். அவர் இடுப்புவலியைப் பார்த்த பிறகுதான் சொட்டுநீர் வேண்டும் என்று நான் நின்றேன்.

முதலில் தெளிப்பான் வைக்கச் சொன்னார்கள். காற்று மாதத்தில் வைத்துப் பார்த்தோம், ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு அது சரிப்படவில்லை. வெள்ளம் செடியில் விழாமல் பக்கத்துத் தோட்டத்துக்குப் பறக்கிறது. எங்கள் பகுதிக்குச் சொட்டுநீர்தான். அதையும் காற்று அடங்குகிற ராத்திரியில் விடுவது நல்லது.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 75 சதவீதம். 5 ஏக்கருக்குள் இருந்தால் சிறு விவசாயி. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் கேட்பார்கள். பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியது இங்கேதான். எங்கள் பட்டா இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. உழைக்கிறது நான், பறிக்கிறது நான், கையெழுத்துப் போட மட்டும் எனக்கு உரிமை இல்லை. வாரிசுச் சான்று, கொழுந்தன்மார் சம்மதம், பட்டா மாற்றம் என்று ஏழு மாதம் அலைந்தேன். ஒரு அலுவலகத்தில், "வீட்டு ஆம்பளைய அனுப்பும்மா" என்றே சொன்னார்கள். அனுப்பவில்லை. நானே போனேன். அக்காமாரே, சொட்டுநீர் பற்றி யோசிக்கும் முன்னால் பட்டாவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

குழாய் போட வந்த ஆட்கள் ஒரே நாளில் முடித்து, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வடிகட்டியை எப்படிக் கழுவுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதத்தில் கடைசி நான்கு வரிசைச் செடி வாடத் தொடங்கியது. நான் நோய் என்று நினைத்து மருந்துக்குச் செலவு செய்தேன். பிறகு பார்த்தால் வடிகட்டிச் சல்லடை முழுக்கப் பாசியும் மண்ணும். குழாயின் கடைசி மூடியைத் திறந்தால் சிவப்பாகக் கலங்கல் வந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் சல்லடையைக் கழற்றிக் கழுவுகிறேன். மாதம் இரண்டு தடவை எல்லாக் குழாயின் கடைசி மூடியையும் திறந்து, தெளிவாக வரும்வரை ஓடவிடுகிறேன். எங்கள் கிணற்று வெள்ளத்தில் வெள்ளைப் படிவம் உண்டு. அதற்கு வருஷம் ஒருமுறை அமிலக் கழுவல் தெரிந்த ஆளை வைத்துச் செய்கிறோம், தனியாகச் செய்ய வேண்டாம். சொட்டு சரியாக விழுகிறதா என்று பார்க்க மோட்டார் பக்கத்துச் செடியைப் பார்க்காதீர்கள், தோட்டத்தின் கடைக்கோடிச் செடிக்குப் போய்ப் பாருங்கள். அணில் குழாயைக் கடித்துக்கொண்டே இருந்தது. அங்கங்கே மண்சட்டியில் குடிக்க வெள்ளம் வைத்த பிறகு மிகவும் குறைந்துவிட்டது. அதற்கும் தாகம்தானே.

மாமியார் இப்போது திண்ணையில் இருந்து பூக் கட்டுகிறார். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டால், "வெள்ளம் வருதா மோளே" என்று மட்டும் கேட்பார்.


மருங்கூர் தென்னை எழுதியது:

தங்கச்சி, அந்தக் கடைக்கோடிச் செடி விஷயம் எனக்கும் புத்தியில் ஏறியது. நாளைக்கே போய்ப் பார்க்கிறேன்.

கரையோரம் தம்பிக்கு: ஆழப்படுத்த வேண்டாம். கடலோரத்தில் நல்ல வெள்ளம் உப்பு வெள்ளத்தின் மேலே ஒரு பாய் விரித்த மாதிரி மிதக்கிறது. நீ ஆழமாகத் தோண்டினாலோ, பெரிய மோட்டார் வைத்து ஒரே மூச்சில் இறைத்தாலோ, கீழே இருக்கிற உப்பு மேலே ஏறி வரும். ஏறிவிட்டால் அது இறங்க நல்ல மழைக்காலம் ஒன்றிரண்டு வேண்டும். என் மச்சான் மணக்குடிப் பக்கம் இதையே செய்து கிணற்றைக் கெடுத்துக்கொண்டான். சின்ன மோட்டார் வை. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று பைய இறை. முடிந்தால் கடலுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி ஆழமில்லாத இன்னொரு கிணறு எடுத்து இரண்டிலும் மாறி மாறி இறை. வீட்டுக் கூரை மழை வெள்ளத்தைக் கிணற்றோரம் இறக்கு. வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு பாட்டில் வெள்ளத்தைக் கொடுத்து உப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள். தென்னை ஓரளவு உப்பு தாங்கும், வாழை தாங்காது. அதைப் பார்த்துப் பயிர் வை.


விளவங்கோடு கிழங்கு எழுதியது:

நான் மேற்கு. உங்கள் ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்து "மழைக்காரர்கள்" என்பீர்கள். எங்களுக்குச் சானலே 20 வருஷத்துக்கு மேலாக வறண்டு கிடக்கிறது என்பது கிழக்கே பலருக்குத் தெரியாது. நெய்யாறு இடதுகரைச் சானல். அணை கேரளத்தில். 2004-இல் வெள்ளம் நின்றது. விளவங்கோடு பக்கம் 9,200 ஏக்கர் அதை நம்பி இருந்தது. எனக்க அப்பா அந்தச் சானலை நம்பி ஏலாவில் (வயல்வெளியில்) இரண்டு பூ (போகம்) நெல் எடுத்தவர். சானல் நின்ற மூன்றாம் வருஷம் நெல்லை விட்டார். இன்றைக்கு அந்த ஏலாவில் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) ரப்பரும்தான். நெல் விளைந்த மண்ணில் ரப்பர் நட்டபோது அப்பா வயல் பக்கம் போகவில்லை. சாகும்வரை போகவில்லை.

வெள்ளத்தை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தொட்டி கட்டிக் கொண்டுபோன ஊர் நம்முடையது. மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-இல் கட்டியது. 28 தூண், 115 அடி உயரம், பரளியாற்றுக்கு மேலே ஆகாயத்தில் சானல் போகிறது. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். அது வறட்சிக்காகக் கட்டியது என்று என் பிள்ளைகளிடம் நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் நிலம் சரிவு. மழை நன்றாகப் பெய்யும், பெய்த வேகத்தில் தோட்டுக்கு (ஓடைக்கு) போய், ஆற்றுக்குப் போய், தேங்காப்பட்டணம் பொழி (கழிமுகம்) வழியாகக் கடலுக்குப் போய்விடும். மாசி, பங்குனியில் குடிக்க வெள்ளம் இருக்காது. நான் சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டினேன். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் கையாலை, அதன்மேல் கைதச்சக்கை என்று நாங்கள் சொல்கிற அன்னாசி வரிசை. அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், சக்கையும் கிடைக்கும். ரப்பர் மரங்களுக்கு நடுவே நாலு மரத்துக்கு ஒன்றாக மழைக்குழி எடுத்தேன், நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். முதல் வருஷம் சரிவுக்கு நேராகக் குழியை வெட்டிவிட்டேன். பெரிய மழையில் ஒன்று நிறைந்து அடுத்ததை உடைத்து, ஒரு தட்டே சரிந்தது. குழியைச் சரிவுக்குக் குறுக்காக, ஒன்றுக்கொன்று நேர்க்கோட்டில் வராமல் விலக்கி விலக்கி எடுக்க வேண்டும். மிகவும் செங்குத்தான இடத்தில் குழியே வேண்டாம், மண் ஊறினால் மலை இறங்கும்.

கிணற்றுக்கு வேறு வேலை. வீடு, ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட் இரண்டின் கூரை வெள்ளத்தையும் குழாயில் கொண்டுவந்து ஒரு தொட்டியில் விடுகிறேன். அடியில் பெரிய கல், மேலே சரளை, அதற்கு மேல் மணல். வடிந்து வருவது கிணற்றுக்குள். பருவத்தின் முதல் இரண்டு மழையை உள்ளே விட மாட்டேன், கூரை அழுக்கு போகட்டும். மணலை வருஷம் ஒருமுறை அள்ளிக் கழுவிப் போடுவேன். முதல் வருஷம் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாவது பங்குனியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் கிணற்றுக்குக் குடத்தோடு வந்தார்கள். இப்போது எங்கள் சந்தில் ஆறு வீட்டில் இதே தொட்டி இருக்கிறது.


கடைமடை எழுதியது:

எல்லோரும் நல்லது சொல்கிறீர்கள், நான் ஒரு மாறுபட்ட விஷயம் கேட்கிறேன். எங்கள் கிளைச் சானலுக்குக் காங்கிரீட் போட்டார்கள். கடைமடைக்கு வெள்ளம் முன்பைவிடச் சீக்கிரம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் சானல் கரையில் இருந்த கிணறுகள் இறங்கிவிட்டன. முன்பு கசிந்து கசிந்து அந்தக் கிணறுகளுக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளம் நின்றுபோனது. கரையில் வாழை வைத்திருந்த எங்க அத்தான் இப்போது சானலுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு வெள்ளம் விலைக்கு வாங்குகிறார். எது சரி?


தேரூர் வயல் எழுதியது:

கடைமடைக்காரனாகச் சொல்கிறேன், எனக்குக் காங்கிரீட் வேண்டும். உங்கள் அத்தான் கஷ்டமும் புரிகிறது. பக்கச்சுவருக்கு மட்டும் போட்டு அடியை மண்ணாக விட்டால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கிடைக்கும் என்று எங்கள் கூட்டத்தில் கேட்டோம். அடியில் மண்ணாக இருந்தால் செடி முளைத்துத் தூர்ந்துபோகும், வருஷா வருஷம் ஆள் இறங்கி வெட்ட வேண்டும். அதற்கு நாங்கள் தயார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பார்ப்போம்.


குளத்துக்கரை எழுதியது:

இவ்வளவு பேர் எழுதியும் குளத்தைப் பற்றி ஒருவரும் எழுதாதது எனக்கு வருத்தம். இந்த மாவட்டத்தில் 2,000-க்கும் மேல் குளம் இருக்கிறது. சானல் வெள்ளம் முதலில் குளத்துக்கு வந்து, குளத்திலிருந்து வயலுக்குப் போகிற அமைப்பு. சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கும் வேம்பனூருக்கும் 2022-இல் ராம்சர் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற) அங்கீகாரம் வந்தபோது பறவைகளுக்காக என்று எல்லோரும் பேசினார்கள். அவை முதலில் பாசனக் குளங்கள். நம் பாட்டன்மார் நெல்லுக்காக வெட்டிக் காப்பாற்றியதில்தான் பறவை வந்து இறங்கியது.

எங்கள் ஊர்க் குளம் பெயருக்குத்தான் குளம், இடுப்பளவு ஆழம்கூட இல்லாமல் இருந்தது. ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. மடைப் பலகை உளுத்து, இரவும் பகலும் வெள்ளம் ஒழுகிக்கொண்டே இருக்கும். தூர்வாரப் பெரிய திட்டம் வரட்டும் என்று பத்து வருஷம் காத்திருந்தோம். கடைசியில் ஊர்க்காரர்கள் 20 பேர் சேர்ந்து முதலில் மடையைச் சரிசெய்தோம். இரண்டு நாள் வேலை. அந்த ஒழுக்கு நின்றதிலேயே கும்பப்பூவின் கடைசி நனைப்புக்கு வெள்ளம் மிஞ்சியது. அந்த நனைப்பு கிடைக்காமல்தான் முன்பு பயிர் பால் பிடிக்கிற சமயத்தில் காயும்.

வண்டல் மண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2017 முதல் விவசாயிகள் குளத்து வண்டலை இலவசமாக எடுக்கலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர். 2024 முதல் தாசில்தாரிடமே அனுமதி வாங்கலாம். மருங்கூர் அண்ணாச்சி மாதிரி செம்மண் விளை வைத்திருக்கிறவர்களுக்கு வண்டல் தங்கம். ஒரு தடவை போட்டால் மண் வெள்ளத்தைப் பிடித்து வைக்கும் தன்மையே மாறும். ஆனால் கரையை ஒட்டித் தோண்டக் கூடாது, மடைக்குக் கீழே ஆழம் போகக் கூடாது. எங்கள் குளத்தில் ஒரு வருஷம் ஆள் நிற்காமல் விட்டதில், வண்டல் என்ற பெயரில் அடிமண்ணையே அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குழியில் ஒரு பிள்ளை விழுந்து தப்பியது. இப்போது லாரி வருகிற நாளெல்லாம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கரையில் நிற்கிறோம்.


கரையோரம் எழுதியது:

மருங்கூர் அண்ணாச்சிக்கு நன்றி. கிணறு தோண்ட ஆளுக்கு முன்பணம் கொடுத்திருந்தேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தில் கூரைக் குழாய் போடப் போகிறேன். விளவங்கோடு அண்ணனின் தொட்டி அளவு என்ன?


விளவங்கோடு கிழங்கு எழுதியது:

ஆறடிக்கு ஆறடி, ஆழம் ஆறடி. உனக்கு மணல் பூமி, அவ்வளவு வேண்டாம். நாலுக்கு நாலு போதும். மேலே மூடி போடு, கொசு வரும்.


மருங்கூர் தென்னை எழுதியது:

பிச்சித் தங்கச்சி சொன்ன மாதிரி விளையின் கடைசி வரிசைக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு மரத்தில் சொட்டே இல்லை. மூடியைத் திறந்தால் அதே சிவப்புக் கலங்கல். மூன்று மாதமாவது அப்படியே கிடந்திருக்கும். மேலே மண் காய்ந்து கிடப்பதுதான் சரி என்று இருந்துவிட்டேன், கையை விட்டுப் பார்க்கச் சொன்ன நானே அந்த வரிசையில் பார்க்கவில்லை. கழுவி விட்டாயிற்று. இனி எனக்கும் வெள்ளிக்கிழமைதான் சல்லடை கழுவுகிற நாள்.

குளத்துக்கரை அண்ணன் சொன்ன வண்டலுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொடுக்கிறேன். பெரியப்பாவுக்கு இப்போது 84 வயது. இதையெல்லாம் படித்துக் காட்டினேன். தேரூர் வயல்காரர் பொடிவிதை போடுகிறார் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எந்த விதை, எத்தனை சால் உழவு?" என்று கேட்கிறார். அவருக்குப் பதில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. அடுத்த வாரம் ஈத்தாமொழியிலிருந்து ஒரு லாரி கதம்பை எடுக்கிறேன். எனக்குப் பாதி போதும். மருங்கூர், மயிலாடி, அஞ்சுகிராமம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் இங்கேயே சொல்லுங்கள், வழியில் இறக்கிவிடுகிறேன். குழியை மட்டும் முன்னாலேயே எடுத்து வையுங்கள், கோடை மழைக்கு முன்னால் புதைத்துவிட வேண்டும்.